தாய் எட்டு, குட்டி பதினாறு

தாய் எட்டடி பாய்ந்தால் குட்டி பதினாறடி பாயும் என்று சொல்லிவைத்த நம் முப்பாட்டன், 1981இல் ஐபிஎம் இறக்கிய பெர்சனல் கொம்பியூட்டரின் விவரத்தாளை எங்கேயோ கள்ளமாகப் பார்த்திருக்க வேண்டும். அந்தப் பெட்டிக்குள் இருந்த இன்டெல் 8088 சிப், தனக்குள்ளே பதினாறு பிட்டாகக் கணக்குப் பார்க்கும். அதைத் தாங்கிய மதர்போர்டு எட்டெட்டு பிட்டாகத்தான் எதையும் கொண்டுவந்து கொடுக்கும். குட்டி பதினாறு, தாய் எட்டு. இதில் தத்துவம் ஒன்றும் இல்லை. எட்டு பிட்டுக்கான துணைச் சிப்கள் அப்போது மலிவு, கேட்டவுடன் கிடைத்தன, அவ்வளவுதான். கலியாணச் செலவைக் குறைக்கப் பழைய பந்தல்காரனையே பிடித்த கதை. அன்றைக்குத் தாய்க்கும் பிள்ளைக்கும் இடையில் விழுந்த அந்த விரிசல், பதின்மூன்று வருடம் கழித்து லண்டன் வால்தம்ஸ்டோவில் ஒரு சின்ன அறைக்குள் புகைந்து, கூரையில் இருந்த அலாரத்தை ஊளையிட வைத்தது.

வால்தம்ஸ்டோ, விக்டோரியா லைன் முடிகிற ஊர். நித்திரை கொண்டு போனாலும் இறங்குமிடம் தவறாது என்பதற்காகவே இரவு வேலைக்காரர்களான எங்கள் ஆட்கள் இங்கே வீடு பார்த்தார்கள் என்று ஒரு கட்சி உண்டு. ஊருக்கு வேறு பெருமைகளும் இருக்கின்றன. வில்லியம் மொரிஸ் 1834இல் இங்கேதான் பிறந்தார். உதவவும் செய்யாத, அழகாகவும் இல்லாத எதுவும் வீட்டுக்குள் இருக்கக் கூடாது என்று உலகத்துக்குப் போதித்தவர். அவர் எங்கள் மாடிப்படியைப் பார்த்திருந்தால் சுவர்த்தாளுக்குப் பூ வரைவதை விட்டுவிட்டுச் சந்நியாசம் போயிருப்பார். 1892இல் பிரெட்ரிக் பிரெமர் என்ற இளைஞர் வீட்டுப் பின்புறப் பட்டறையில் ஒரு பெற்றோல் காரைக் கட்டத் தொடங்கினார். பிரிட்டனில் கட்டிய முதல் பெற்றோல் கார் அதுதான் என்று ஊர் இன்றும் மார்தட்டுகிறது. 1909 யூலையில் ஏ. வி. றோ என்பவர், லீ ஆற்றங்கரைச் சதுப்பு நிலத்தில், ரயில் பாலத்து வளைவுக்குள் வைத்து ஒட்டிய மூன்றடுக்கு விமானத்தை ஒன்பது குதிரைவலு எஞ்சினால் கிளப்பிக் காட்டினார். இறக்கைக்குப் போர்த்தியது காகிதம். ஒன்றோடொன்று ஒட்டாத சாமான்களைப் பின்வளவில் வைத்து மல்லுக்கட்டுவது இந்த மண்ணின் குணம். நாங்கள் வந்துதான் கெடுத்தோம் என்று யாரும் சொல்ல முடியாது.

அண்ணை 1992இல் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்தவர். எனக்குச் சொந்த அண்ணன் இல்லை. ஹோ ஸ்ட்ரீட் முழுவதற்கும் அவர் அண்ணை. ஊரில் ரேடியோ திருத்தியவர். பொருளாதாரத் தடைக் காலத்தில் அங்கே மின்சாரம் இல்லை, பற்றரி தடைசெய்த சாமான். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் மிதிக்க, டைனமோவில் வருகிற மின்சாரத்தில் வீடே பிபிசி தமிழோசை கேட்ட காலம். பெற்றோல் இரண்டு சொட்டுக் காட்டி ஏமாற்றிக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் மோட்டார்சைக்கிள் ஓடிய காலம். அந்தப் பல்கலைக்கழகத்தில் படித்த ஒருவருக்கு, இந்த சிப்செட்டோடு இந்த சிபியு ஒத்துப்போகாது என்று ஒரு புத்தகம் சொன்னால் சிரிப்புத்தான் வரும். 'ஏன் ஒத்துப்போகாது? கரன்ட் இருக்குத்தானே' என்பார்.

நாங்கள் குடியிருந்தது வார்னர் வீடு. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு வாசற்கதவு. ஒன்று கீழ்வீட்டுக்கு, ஒன்று மேல்வீட்டுக்கு. மேல்வீட்டில், ஒரு கட்டில் போட்டால் கதவு சாத்த முடியாத சின்ன அறை ஒன்று மிஞ்சும். வாடகைக்கு விட்டால் வாரம் இருபத்தைந்து பவுண்ஸ் வரும் அறையை அண்ணை கொம்பியூட்டருக்கு விட்டார். அவருடைய மனைவி, எங்களுக்கு அக்கா, அதை மன்னிக்கவே இல்லை.

இனிச் சரித்திரத்துக்கு வருவோம். 1984இல் ஐபிஎம் ஏடி வந்தது. இந்த முறை தாயும் பதினாறு. ஆனால் பலகையைத் திறந்து பார்த்தால் நல்லூர்த் தேருக்கு வந்த சனம் போல ஒரே சிப். அடுத்த ஓரிரு வருடத்தில் கலிபோர்னியாவில் சிப்ஸ் அண்ட் டெக்னோலொஜீஸ் என்று ஒரு கொம்பனி, அந்தச் சனத்தில் பெரும் பகுதியைப் பிடித்து ஒரு கைப்பிடி சிப்புக்குள் அடைத்தது. சிப்செட் என்ற சொல் சந்தைக்கு வந்தது அப்படித்தான். பெயரைக் கேட்டால் மீனும் சிப்ஸும் விற்கிற கடைக்காரர் பக்கத்தில் ரிவி திருத்துவது போல இருக்கும். செய்த காரியம் பெரிது. அதன் பிறகு யார் வேண்டுமானாலும் ஐபிஎம் போல ஒரு பெட்டி கட்டலாம். கட்டினார்கள். எல்லாவற்றின் மேலும் 'ஐபிஎம் கொம்பாட்டிபிள்' என்று எழுதினார்கள்.

கலியாணத் தரகரிடம் பழகியவர்களுக்கு அந்தச் சொல் புதிதில்லை. பத்துப் பொருத்தத்தில் ஒன்பது அமோகம் என்பார் தரகர். அந்தப் பத்தாவது என்ன என்று கேட்கிறவன்தான் பிழைப்பான். அனேகமாக அது ரச்சுப் பொருத்தமாக இருக்கும். மற்ற ஒன்பதும் இருந்தும் பயனில்லை.

லீ ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஹாக்னியில் பிறந்த அலன் சுகர் 1986இல் ஆம்ஸ்ட்ராட் பிசி1512ஐ 399 பவுண்ஸுக்கு, வரி தனி, இறக்கினார். நல்ல மலிவு. ஒரு சின்னச் சூட்சுமம்: முழுப் பெட்டிக்கும் மின்சாரம் கொடுக்கிற பவர் சப்ளை மொனிட்டருக்குள் இருந்தது. மொனிட்டரை மாற்றினால் கொம்பியூட்டருக்கு உயிர் இல்லை. மாமியாரை விட்டுத் தனிக்குடித்தனம் போக முடியாதபடி கட்டிய கலியாணம். சூடு பிறக்கிற பகுதி மொனிட்டரில் இருந்ததால் கீழ்ப் பெட்டிக்குள் காற்றாடி தேவையில்லை. ஆனால் காற்றாடி இல்லாத பெட்டி சூடாகிவிடும் என்று ஊரெல்லாம் கதை கிளம்பியது. கேட்கிறார்கள் என்றால் போட்டுவிடுகிறேன், இளஞ்சிவப்புப் புள்ளி கேட்டாலும் போடுவேன் என்கிற தோரணையில் சுகர் ஒரு காற்றாடியைப் போட்டுவிட்டார். கொம்பியூட்டர் சரித்திரத்தில் பயத்துக்காகப் பூட்டிய காற்றாடி அது. திருஷ்டிப் பூசணிக்காய் என்றும் சொல்லலாம்.

அண்ணையின் முதல் பலகை 1994இல் வந்தது. வால்தம்ஸ்டோ சென்ட்ரலில் ஏறினால் ஒரே ரயிலில் வாரன் ஸ்ட்ரீட். அங்கிருந்து டொட்டன்ஹாம் கோர்ட் றோட் தொடங்குகிறது. அந்தக் காலத்தில் ரோட்டின் இரண்டு பக்கமும் எலெக்ட்ரோனிக் கடைகள். ஒரு கடையில் 486 பலகை, பக்கத்துக் கடையில் சிபியு, மூன்றாவதில் ராம் என்று ஏறி இறங்கி, பேரம் பேசி, வீட்டுக்கு வரும்போது பையில் இருந்த சாமான்களுக்குள் ஒருவரை ஒருவர் தெரியாது.

அந்தக் காலப் பவர் சப்ளையில் இருந்து மதர்போர்டுக்கு இரண்டு செருகிகள் வரும். பி8, பி9 என்று பெயர். ஒவ்வொன்றிலும் ஆறு வயர். இரண்டும் ஒரே சாயல், இரட்டைப் பிள்ளைகள் போல. பலகையில் அவை இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேண்டும். எதை இடப்பக்கம் வைப்பது, எதை வலப்பக்கம்? மாறி வைத்தாலும் வடிவாக உள்ளே போகும், தடுக்காது. சரியாக வைத்தால் ஒவ்வொன்றிலும் உள்ள இரண்டு கறுப்பு வயரும் நடுவில் சந்தித்து, நாலு கறுப்பும் ஒன்றாக நிற்கும். மாறி வைத்தால் கறுப்பு இரண்டு கரைக்கும் ஒதுங்கிவிடும். ஐந்து வோல்ட் போகக் கூடாத இடத்துக்குப் போகும்.

அண்ணைக்கு அன்றைக்கு அது தெரியாது. எனக்கும் தெரியாது. சுவிட்சைப் போட்டோம். சத்தம் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு மணம். கருவாடு பொரிக்கும்போது பிளாஸ்டிக் கரண்டியும் உருகினால் எப்படி இருக்கும், அப்படி. அலாரம் கத்த, அக்கா குசினியில் இருந்து துவாயோடு ஓடி வந்தார். கீழ்வீட்டு வெள்ளைக்காரக் கிழவி எங்கள் கதவைத் தட்டி, இரவுச் சாப்பாடு என்னவென்று பணிவாகக் கேட்டார்.

"நூற்றி நாப்பது பவுண்ஸ் தம்பி," என்றார் அண்ணை, புகையைப் பார்த்துக்கொண்டு. "ஊரிலை இதுக்கு ஒரு மாடு வாங்கலாம்."

அன்றிரவு ஒரு மட்டையில் பெரிய எழுத்தில் எழுதிச் சாமிப்படத்துக்குக் கீழே ஒட்டினார்: கறுப்புக்குப் பக்கத்தில் கறுப்பு. அதற்குப் பிறகு யார் என்ன சந்தேகம் கேட்டாலும் அவருடைய முதல் கேள்வி அதுதான். பிரிண்டர் வேலை செய்யவில்லை என்று போன் செய்தவரிடமும் அதைத்தான் கேட்டார்.

அடுத்த பலகையில் வீசா லோக்கல் பஸ் இருந்தது. எங்கள் ஆட்களுக்கு விசா என்ற சொல்லைக் கேட்டாலே நெஞ்சு படபடக்கும். இது அந்த விசா இல்லை, 1992இல் மொனிட்டர்க்காரர்களின் சங்கம் வகுத்த துளை. பழைய துளைக்குப் பின்னால் இன்னொரு துளையை நீட்டி, கார்டை நேரே 486இன் மடியில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். கார்டு அவ்வளவு நீளம் என்பதால் அந்தச் சுருக்கெழுத்துக்கே 'மகா நீளமான பஸ்' என்று பட்டப்பெயர் வந்தது. இறுக்கமோ இறுக்கம். அண்ணை முழங்காலை மேசையில் ஊன்றி அமத்த, பலகை தோசைக்கல்லில் ஓரம் கிளம்பிய தோசை போல வளையும். வேகம் கூடக் கூடக் கார்டுகளின் எண்ணிக்கை குறைய வேண்டும்: 33 மெகாஹெர்ட்ஸில் மூன்று, 40இல் இரண்டு, 50இல் ஒன்று தாங்கினால் அதிர்ஷ்டம். 486இன் மடியிலேயே வளர்ந்த பிள்ளை என்பதால், பென்டியம் வந்ததும் அதற்குப் போக்கிடம் இல்லை. பிசிஐ வந்து அந்தப் பஸ்ஸை டிப்போவுக்கு அனுப்பியது.

ராம் அப்போது தங்கம். 1993 யூலையில் ஜப்பானில் நீஹாமா என்ற ஊரில் சுமிட்டோமோ கெமிக்கலின் ஆலை ஒன்று வெடித்தது. சிப்களை மூடி வார்க்கிற பிசின் பெருமளவு அங்கிருந்துதான் உலகத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. பிசின் வெடித்ததும் ராம் விலை பறந்தது. லண்டனில் கந்தோர் உடைக்கிற கள்ளர்கள் கொம்பியூட்டரை அப்படியே விட்டுவிட்டு, மூடியைத் திறந்து ராமை மட்டும் உருவிக்கொண்டு போனார்கள். இவ்வளவு நாசூக்கான கள்வரை நான் அதற்குப் பிறகு கேள்விப்படவில்லை. அவர்களில் சிலர் திருப்புளியைக்கூட விட்டுச் சென்றிருக்கலாம், மரியாதைக்கு.

இராமன் இருக்கும் இடம் அயோத்தி என்பது பழமொழி. ராம் கூடினால் கொம்பியூட்டர் அயோத்தி என்று நாங்களும் நம்பினோம். 1997இல் ராம் விலை விழுந்துகிடந்தது. அன்றைக்குப் பென்டியம் பலகைகளில் பரவலாக இருந்தவை இன்டெலின் 430 வரிசைச் சிப்செட்டுகள்: 1995இல் எஃப்எக்ஸ், 1996இல் விஎக்ஸும் எச்எக்ஸும், 1997இல் டிஎக்ஸ். இவற்றில் எச்எக்ஸைத் தவிர மற்றவை 64 எம்பிக்கு மேல் உள்ள ராமைக் கேஷில் சேர்க்காது. கேஷ் என்பது குசினி அலுமாரி. ராம் என்பது சந்தை. அடிக்கடி வேண்டிய மிளகாய்த்தூளை அலுமாரியில் வைத்துக்கொண்டால் சமையல் கெதியாக நடக்கும். இந்தச் சிப்செட்டிடம் இருந்த அலுமாரிக் குறிப்பில் சந்தையின் முதல் 64 கடைகளுக்குத்தான் இடம். அதற்கு அப்பால் உள்ள கடையில் வாங்கிய எதையும் அலுமாரியில் வைக்க முடியாது. ஒவ்வொரு சிட்டிகைக்கும் சந்தைக்கு நடக்க வேண்டும். வால்தம்ஸ்டோ சந்தை ஒரு கிலோமீட்டர் நீளம் என்பதை நினைவில் வையுங்கள்.

சித்தப்பாவுக்கு 32 எம்பியில் ஓடிக்கொண்டிருந்த பெட்டி. காசு கையில் புரண்டதால் 128 ஆக்கித் தரச் சொன்னார். ஆக்கினோம். விண்டோஸ் 95 நினைவகத்தின் மேல்மாடியில் இருந்துதான் குடியேறத் தொடங்கும். அலுமாரி வசதி இல்லாத மாடி. பெட்டி முன்பைவிட மெதுவாகிவிட்டது.

"டேய், நான் இன்னும் காசு குடுத்தால் இது நிண்டுபோகுமோ?" என்றார் சித்தப்பா.

கேள்வியில் பிழை இல்லை. பிழை எங்களில், பலகையோடு வந்த கைநூலின் பன்னிரண்டாம் பக்கத்தில் அது எழுதியிருந்தது. அந்தப் பக்கத்தை அண்ணை, ஆடிய மேசையின் காலுக்கு மடித்து வைத்திருந்தார். பாதி ராமைக் கழற்றியதும் பெட்டி பறந்தது. கழற்றியதற்குச் சித்தப்பா கூலி தர மறுத்தார். திருத்தவேலைச் சரித்திரத்தில் சாமானை எடுத்து, வேகத்தைக் கூட்டி, காசும் வாங்காமல் போனவர்கள் நாங்கள்தான்.

அதற்கு முன்பே கேஷோடு எங்களுக்கு ஒரு வழக்கு உண்டு. 1995 அளவில் மலிவு 486 பலகைகள் சில கேஷ் சிப் வைத்த தோற்றத்தோடு வந்தன. சிப்பின் முதுகில் ஏதோ எழுத்தும் இருக்கும். திரையில் 256கே கேஷ் என்று பயோஸ் அறிவிக்கும். உண்மையில் அவை வெறும் பிளாஸ்டிக் கட்டிகள். காலுக்குக் கீழே கம்பித்தடம் எங்கும் போவதில்லை. பயோஸ் சொல்லும்படி பழக்கிய பொய். கேஷ் கொடுத்து வாங்கியதில் கேஷ் இல்லை. எங்களுக்கும் ஒன்று அகப்பட்டது. அண்ணை இரும்பைச் சூடாக்கி ஒன்றைக் கிளப்பி, வெளிச்சத்தில் பிடித்து, நகத்தால் சுரண்டி, கடைசியில் பல்லால் கடித்தும் பார்த்தார். "பலாக்கொட்டைக்குள்ளையும் ஒரு பருப்பு இருக்குமடா," என்றார். கடையின் பெயரைச் சொல்ல மாட்டேன். கடைக்காரரும் அந்தச் சிப்பைப் பார்த்து உண்மையாகவே அதிர்ந்தார். அவர் அழுத அழுகைக்கு நாங்கள் தேநீர் வாங்கிக்கொடுத்துவிட்டு வந்தோம்.

பெயரில் ஏமாற்றுவதற்கு அது ஒரு பொற்காலம். இன்டெல் விஎக்ஸ் என்று விட்டால், அது இல்லாத இன்னொரு சிப்புக்கு மேல் 'விஎக்ஸ் புரோ' என்று ஒட்டி வரும். டிஎக்ஸுக்கு டிஎக்ஸ் புரோ, பிஎக்ஸுக்கு பிஎக்ஸ் புரோ. சந்தையில் நாலு கோடு போட்ட சப்பாத்து விற்கிறவரிடம் கேட்டால், மூன்று கோட்டைவிட ஒன்று கூடத்தானே என்பார். அதே நியாயம்.

சைரிக்ஸ் என்ற கொம்பனி இன்னும் நேர்மையாக ஏமாற்றியது. அதன் சிப்பின் மேல் 'பி.ஆர். 200+' என்று எழுதியிருக்கும். ஓடுவது 150 மெகாஹெர்ட்ஸில். 200 மெகாஹெர்ட்ஸ் பென்டியத்துக்கு நிகரான வேலை செய்யும் என்று பொருளாம். எங்கள் ஆட்களுக்குப் பி.ஆர். என்றால் நிரந்தர வதிவிடம். "பி.ஆர். கிடைச்ச சிப் எண்டால் ஆர் இனித் திருப்பி அனுப்பப்போறான்" என்று நம்பி வாங்கியவர்கள் உண்டு. ஆனால் அது 75 மெகாஹெர்ட்ஸ் பஸ் கேட்கும். அன்றைய இன்டெல் சிப்செட்டுகள் 66க்கு மேல் பொறுப்பு ஏற்காது. 75ஐக் கொடுத்தால் பிசிஐ, தனக்கு விதித்த 33ஐத் தாண்டி 37.5க்கு இழுபடும். சில கார்டுகள் தாங்கும், சில தாங்காது. பி.ஆர். இருந்தும் வேலை கிடைக்காத நிலை.

சிப்செட்டில் வடபாலம், தென்பாலம் என்று இரண்டு உண்டு. நார்த் பிரிட்ஜ், சவுத் பிரிட்ஜ். வடக்கில் இருக்கிறவருக்கு ராமோடும் சிபியுவோடும் கிராபிக்ஸோடும் தொடர்பு, எல்லாம் வேகம். தெற்கில் இருக்கிறவருக்குக் கீபோர்ட், பிளொப்பி, பிரிண்டர் என்று எடுபிடி வேலை. வடக்கு வாழ்ந்தது, தெற்கு தேய்ந்தது. இதை விளங்கப்படுத்தியபோது வீட்டுக்கு வந்திருந்த மதுரைத் தம்பி ஒருவர் உணர்ச்சிவசப்பட்டு, சிலிக்கனிலுமா என்று கேட்டார். எங்களுக்கு அந்த அரசியல் தலைகீழ். வடக்கு வாழ்கிற ஒரே இடமாவது உலகத்தில் இருக்கிறதே என்று அண்ணை அந்தப் பெரிய சிப்புக்கு ஒரு சந்தனப் பொட்டு வைத்தார். சந்தனம் காய்ந்ததும் வெப்பத்தைக் கடத்தவில்லை. அதையும் சுரண்ட வேண்டி வந்தது.

1998 ஏப்ரலில் 440பிஎக்ஸ் வந்தது. சரித்திரத்தில் இராசராசன் காலம் என்று ஒன்று உண்டல்லவா, அது. 100 மெகாஹெர்ட்ஸ் பஸ், சொன்னதைக் கேட்கும், சொல்லாததையும் பொறுக்கும். அதே வருடம் ஓகஸ்டில் இன்டெல் செலரோன் 300ஏ என்று ஏழைகளுக்கு ஒரு சிப்பை விட்டது. 66 மெகாஹெர்ட்ஸை நாலரையால் பெருக்கினால் 300. பஸ்ஸை 100 ஆக்கினால் அதே நாலரை, 450. பல சிப்கள் முணுமுணுக்காமல் ஓடின. சம்பளம் 300க்கு, வேலை 450க்கு. பகலில் பெற்றோல் ஸ்டேசன், இரவில் இன்னொரு பெற்றோல் ஸ்டேசன் என்று நின்ற எங்கள் ஆட்களுக்கு இந்தச் சிப்பின் மேல் தனிப் பாசம். சொந்தக்காரன் மாதிரி. இரண்டு வருடத்தில் அந்தச் சின்ன அறையில் இருந்து நாற்பத்தியொரு பெட்டிகள் இறங்கிப் போயின. படியால் இறக்கும்போது ஒவ்வொரு தடவையும் அக்கா சுவரில் விழுந்த கீறலை எண்ணிவைத்தார்.

அந்தப் பெட்டிகளில் தமிழும் வந்தது. பாமினி எழுத்துருவைப் போட்டால் மாத்திரம். போடாத பெட்டியில் 'அம்மா' என்று அடித்தது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று விழும். மதர்போர்டே பொருந்தினாலும் மதர் பொருந்தமாட்டார்.

இராசராசனுக்குப் பிறகு யார் வந்தார், எப்போது கெட்டது என்று பாடப்புத்தகம் சுருக்கமாக முடிப்பது போல இன்டெலின் வரலாற்றை முடிக்க முடியாது. 1999இல் அது ராம்பஸ் என்ற புதிய நினைவகத்தைக் கட்டிப்பிடித்தது. சாதாரண ராமைவிடப் பல மடங்கு விலை. அதற்காக வந்த சிப்செட் 820. செப்டம்பரில் வெளியீடு என்று இலை போட்டு, மூன்று துளை உள்ள பலகைகளில் பிழை கண்டு, இலையை எடுத்து, இரண்டு துளையோடு நவம்பரில் பரிமாறினார்கள். ராம்பஸின் இன்னொரு அழகு: வெறும் துளையை வெறுமையாக விடக் கூடாது. மின்சாரம் ஒரு முனையில் இருந்து மறுமுனைக்குத் தொடர்ந்து ஓட வேண்டும் என்பதால், ராம் இல்லாத துளையில் ராம் இல்லாத ஒரு பலகைத்துண்டைச் செருக வேண்டும். கொலுவில் பொம்மை போதாவிட்டால் படியில் தேங்காயை வைப்பது மாதிரி. அந்த வெற்றுத்துண்டைத் தொலைத்தால் பெட்டி எழும்பாது. ஒன்றும் இல்லாததைத் தொலைத்துவிட்டு அழுத ஒரே தலைமுறை எங்களுடையது.

விலை கேட்டுச் சனம் ஓடியதும், பழைய ராமையே 820இல் போட ஒரு வழி செய்தார்கள்: நடுவில் ஒரு மொழிபெயர்ப்புச் சிப். ராம்பஸ் பேசுவதைப் பழைய ராமுக்கும், அது பேசுவதை ராம்பஸ் மொழியிலும் சொல்ல வேண்டும். இரைச்சலில் அந்த மொழிபெயர்ப்பாளர் தடுமாறினார்; பெட்டி நின்று நின்று எழும்பியது, தரவு சிதைந்தது. 2000 மே மாதம் இன்டெல் பிழையை ஒப்புக்கொண்டு பலகைகளை மாற்றித் தர முன்வந்தது. அகதி விசாரணையில் 'தோட்டம் எரிந்தது' என்று சொல்ல, 'தோட்டா பறந்தது' என்று பதிவான ஆட்களைக் கொண்ட ஊர் இது. எங்களில் யாரும் அந்தச் சிப்பைத் திட்டவில்லை. பாவம், அதுவும் இரண்டு பக்கத்துக்கும் நல்லபிள்ளையாக இருக்கத்தான் பார்த்திருக்கும்.

துளைச் சண்டை தனி. 1999இல் ஏஎம்டி கொண்டுவந்த ஸ்லொட் ஏ, இன்டெலின் ஸ்லொட் 1ஐ அப்படியே திருப்பி வைத்தது. இன்டெலின் சொக்கட் 370இல் மூன்று தலைமுறைச் சிப்கள் வந்தன. மூன்றுக்கும் 370 கால், மூன்றும் ஒரே துளைக்குள் இறங்கும், ஆனால் பழைய பலகையில் புதியது கண் விழிக்காது. கால் பொருந்துகிறது, மனம் பொருந்தவில்லை. தைவானின் வியா, இன்டெலை நம்பி ஏமாந்த சனத்துக்கு அடைக்கலம் கொடுத்தது. 2001இல் அதன் 686பி தென்பாலம், சவுண்ட் பிளாஸ்டர் லைவ் கார்டு பக்கத்தில் இருந்தால் பெரிய கோப்புகளைக் கடத்தும்போது சிதைக்கிறது என்று முறைப்பாடு கிளம்பி, அதற்கும் மருந்து வந்தது. பாட்டுக் கேட்டுக்கொண்டு வேலை செய்யாதே என்று அப்பா சொன்னதை ஒரு சிப் நிரூபிக்கும் என்று யார் கண்டார்?

பிறகு பலகைகளுக்கு வயிறு ஊதும் நோய் வந்தது. 2002 தொடக்கம், மதர்போர்டில் நிற்கும் சின்னத் தகர டப்பா போன்ற கெப்பாசிட்டர்கள் தலை வீங்கி, வெடித்து, பழுப்புச் சாறு ஒழுகின. உள்ளே ஊற்றிய திரவத்தின் சேர்மானத்தை யாரோ ஜப்பானில் இருந்து களவெடுத்துக்கொண்டு போனார்கள், அவசரத்தில் முழுவதையும் எழுதவில்லை என்று ஒரு கதை உலாவியது. கதை மெய்யோ பொய்யோ, பக்கத்து வீட்டு மைசூர்பாகு பக்குவத்தை யன்னலால் எட்டிப் பார்த்துச் செய்தவர்கள் எல்லோரும் அதை உடனே நம்பினார்கள். அண்ணை ஈயம் உருக்கி ஒவ்வொன்றாக மாற்றினார். கண் மங்கத் தொடங்கியது அப்போதுதான். அந்த அறையைப் பிறகு கட்டில் போட்டு வாடகைக்கு விட்டார்கள். கதவு சாத்த முடியவில்லை என்று வந்த பெடியன் மூன்றே மாதத்தில் போய்விட்டான்.

அண்ணைக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. வெள்ளிக்கிழமை என்றால் பெட்ஃபோர்ட் றோட் கற்பக விநாயகர் கோயிலில் நிற்பார். மற்ற நாட்களில் போனுக்குப் பக்கத்தில்.

போன வருடம் என் மகள் தனக்கு ஒரு பெட்டி கட்டப்போகிறேன் என்று சாமான் எல்லாம் தருவித்தாள். பழைய துன்பம் எல்லாம் இப்போது இல்லை அப்பா என்றாள். சிபியு இறங்கியது. ராம் இறங்கவில்லை. துளையில் இருந்த மேட்டுக்கும் ராமில் இருந்த வெட்டுக்கும் கொஞ்சம் வித்தியாசம். அதே சொக்கட்டுக்கு டிடிஆர்4 எடுக்கிற பலகையும் உண்டு, டிடிஆர்5 எடுக்கிற பலகையும் உண்டு. பெயரின் வாலில் ஒரு சின்ன எழுத்துத்தான் வித்தியாசம். வாலை அவள் பார்க்கவில்லை. எனக்கு ஏனோ நெஞ்சுக்குள் ஒரு குளிர்ச்சி. அண்ணைக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"பெரியப்பா, ராம் பொருந்துதில்லை," என்றாள் மகள்.

"அதைப் பிறகு பாப்பம் பிள்ளை. முதல்லை பவர் வயரைப் பார். கறுப்புக்குப் பக்கத்திலை கறுப்பு நிக்குதோ?"

மகள் பெட்டிக்குள் குனிந்து, கையால் கட்டை விரித்துப் பார்த்தாள்.

"பெரியப்பா, இதிலை எல்லா வயரும் கறுப்பு."

போனில் கொஞ்ச நேரம் சத்தம் இல்லை.

"அப்ப சுவிட்சைப் போடாதை," என்றார் அண்ணை. "நான் வாறன்."